ஒரே தொட்டியில் இரண்டு தண்ணீர்

நாகர்கோவில்காரர்களிடம் தண்ணீரைப் பற்றிக் குறை சொல்லிப் பாருங்கள். "நமக்கென்னக்கா, ரெண்டு மழை இருக்கு, மலை இருக்கு, டேம் இருக்கு" என்று ஆரம்பித்துவிடுவார்கள். பக்கத்தில் ராமநாதபுரத்துக்காரரோ சென்னைக்காரரோ இருந்துவிட்டால் பெருமை இன்னும் ஒரு படி ஏறும். பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி, இடவப்பாதியில் (ஜூன் வாக்கில்) ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை, குமரி மாவட்டத்தில் 2,000-க்கு மேல் குளம். எல்லாம் உண்மைதான். ஆனால் அதே ஆளின் வீட்டுக் குளியலறைக்குள் போனால் ஷவரில் பாதித் துளை அடைத்திருக்கும், மீதித் துளைகள் ஆளை விட்டுவிட்டுச் சுவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும். குழாயின் கழுத்தில் வெள்ளையாக ஒரு பொருக்கு. வாளிக்குள் கையை விட்டால் உட்புறம் சொரசொரக்கும். இத்தனை நல்ல தண்ணீர் உள்ள மாவட்டத்தில், நகரத்துக் குழாயைத் திறந்தால் மட்டும் ஏன் இந்தத் தண்ணீர் வருகிறது? இது என்னைக் கொஞ்ச காலமாகவே விடாமல் நச்சரித்துக்கொண்டிருந்த கேள்வி. "போர் தண்ணின்னா அப்படித்தான்" என்ற பதிலோடு எல்லாரும் எழுந்து போய்விடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை.

அம்மாவுக்கு ஊர் திருவட்டாறு பக்கம். அங்கே வெட்டுக்கல்லில் இறக்கிய கிணறு. சோப்பைத் தொட்டாலே நுரைக்கும், அலசி முடிக்கத்தான் நேரமாகும். என் வீட்டுக்கு வந்தால் அம்மாவுக்கு முதல் சண்டை கடலையோடு. காலையில் புட்டுக்குக் கடலைக்கறி வைக்க ராத்திரியே ஊறப்போடுவாள். குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம், நடுவில் கட்டியாக நிற்கும். "இது போன வருசத்துக் கடலை. உனக்குப் பாத்து வாங்கத் தெரியல மக்களே" என்று பழி முதலில் என் மேல் விழும், அப்புறம் கடைக்கார அண்ணாச்சி மேல். ஒருதடவை அதே பொட்டலத்தில் பாதியை அம்மா ஊருக்குக் கொண்டுபோனாள். அங்கே குழைந்துவிட்டது என்று போனில் சொன்னாள். சொன்ன கையோடு, "அங்க கேஸ் சரியில்ல போல" என்று இன்னொரு காரணத்தையும் கண்டுபிடித்தாள். தண்ணீரின் பேரில் மட்டும் குற்றம் சொல்ல மனது வரவில்லை. தண்ணீர் எங்கேயும் தண்ணீர்தானே!

கடலைக்கு நடந்தது இதுதான். பயறு, கடலை எல்லாவற்றின் செல்களையும் ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின் என்ற பசை. வேகும்போது அது கரைந்தால்தான் கடலை குழையும். தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் நிறைய இருந்தால் அவை அந்தப் பசையோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். ராத்திரி முழுக்க ஊறும் நேரத்திலேயே இந்த இறுக்கம் தொடங்கிவிடுகிறது. ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டால் கடலை வெந்துவிடுவதற்கும் இதே கணக்குதான். சோடா கொஞ்சம் கால்சியத்தைப் பிரித்துக் கீழே தள்ளும், பசையையும் இளக்கும். கூடிப்போனால் ருசி கெடும் என்பது வேறு விஷயம். அண்ணாச்சியையும் முழுக்க விடுவிக்க முடியாது. வெக்கையிலும் ஈரத்திலும் நாள்பட்டுக் கிடந்த கடலை நல்ல தண்ணீரிலும் லேசில் வேகாது. எங்கள் வீட்டுக் கடலை இரண்டு பக்கமும் அடிவாங்கியிருக்கலாம்.

சமையலறையில் இன்னொரு வழக்கும் உண்டு, அது கடலையைவிடக் கசப்பானது. மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நகரத்துக்கோ கிழக்கே அகஸ்தீஸ்வரம் பக்கமோ வருகிற பெண்கள் கொஞ்ச நாளிலேயே ஒரு பேச்சைக் கேட்டாக வேண்டும். கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டு காய்ந்ததும் திட்டுத்திட்டாக வெளுத்திருக்கும். கண்ணாடி டம்ளர் மங்கிப்போய்ப் பழசு போலத் தெரியும். "பாத்திரம் ஒழுங்காக் கழுவத் தெரியாது போல" என்று யாராவது சொல்லிவிட்டுப் போவார்கள். என் மைனி தோவாளைப் பக்கம் வாக்கப்பட்டுப் போனவள், இதைக் கேட்டுக் கேட்டே சபீனாவைக் கைப்பிடியாக அள்ளித் தேய்க்கப் பழகினாள், கைதான் வெடித்தது. தேய்ப்பதால் போகிற அழுக்கு இல்லை அது. தண்ணீர் ஆவியாகிப் போனபின் தட்டில் தங்கிவிடுகிற சுண்ணாம்பு. கழுவியதும் துணியால் ஈரத்தைத் துடைத்து எடுத்துவிட்டால் திட்டு விழாது. விழுந்துவிட்டால் பிழிந்து போட்ட எலுமிச்சைத் தோல் போதும். ஒரு பெண்ணின் கைத்திறன் என்று நினைத்து நாம் அளந்ததில் எவ்வளவு பங்கு பூமிக்கடியில் இருக்கும் பாறையுடையதோ!

ஹீட்டரைக் கழற்றிய நாள்

குளியலறை ஹீட்டர் ஒரு வாரமாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. கடுகு தாளிப்பது போலப் படபடவென்று. தண்ணீர் சூடாக வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் ஆனது. பிளம்பர் தம்பி வந்தார். ஸ்க்ரூவைக் கழற்றிக் காயிலை வெளியே இழுத்தபோது, முதலில் அது வெளியே வரவேயில்லை. ஆட்டி ஆட்டி எடுத்தார். காயில் விரல் தடிமன்தான் இருக்க வேண்டும், வந்ததோ மரச்சீனிக்கிழங்கு மாதிரி ஒன்று. வெளியே சாம்பல், உடைத்தால் உள்ளே பழுப்பும் வெள்ளையுமாக அடுக்கடுக்கு. ஸ்க்ரூடிரைவர் நுனியால் தட்டியதும் ஓடு ஓடாகத் தரையில் விழுந்தது. டாங்கியைச் சாய்த்தபோது சேறும் சில்லுமாக அரை வாளி கொட்டியது. அதில் ஒரு சில்லை எடுத்து எலுமிச்சைச் சாறு விட்டேன். சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் நுரைத்தது. கால்சியம் கார்பனேட், வேறொன்றுமில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும்போது பைகார்பனேட். சூடு பட்டதும் கரியமில வாயு பிரிந்து போக, மிச்சம் கல்லாகப் படிந்துவிடுகிறது. அதனால்தான் பச்சைத்தண்ணீர்க் குழாயைவிட வெந்நீர்க் குழாய் முதலில் அடைக்கிறது. காயிலுக்கும் தண்ணீருக்கும் நடுவே இந்த ஓடு நின்றுவிட்டால் காயில் தன் சூட்டிலேயே வெந்து ஒருநாள் வெடிக்கும். அதுவரை கரண்ட் பில் ஏறும்.

விழுந்த ஓடுகளையெல்லாம் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தபோது அந்தத் தம்பி சாதாரணமாகக் கேட்டார்: "அக்கா, சம்ப்ல ரெண்டு பைப்பும் ஒண்ணாத்தான் விழுதோ?"

ஆமாம், ஒன்றாகத்தான் விழுகிறது. முக்கடல் அணைத் தண்ணீர் வருகிற கார்ப்பரேஷன் குழாய் ஒரு பக்கம், போர் மோட்டார் பைப் மறுபக்கம், நடுவில் தரைக்கடியில் ஒரே சம்ப். அங்கிருந்து மேல்தொட்டி, மேல்தொட்டியிலிருந்து வீடு முழுக்க ஒரே லைன். எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீடும் இப்படித்தான் கட்டியிருக்கிறது. "முக்கடல் தண்ணி வந்து விழுந்த உடனே போர் தண்ணியப் போட்டு நிரப்பிடுறீங்க. அப்புறம் தண்ணி சரியில்லன்னு சொன்னா எப்படி?" என்று சிரித்தார். அவருக்கு அது ஆயிரத்தில் ஒரு வீடு. எனக்கு அதோடு கேள்வியே புரண்டுவிட்டது. இந்த ஊரின் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று இவ்வளவு நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டிருக்க வேண்டியது எந்தத் தண்ணீர் என்று.

மூன்று பாட்டில்

மூன்று பாட்டில் எடுத்துக்கொண்டேன். ஒன்றில் அம்மா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் சப்ளை வரும் நாளில் வாசல் கேட் பக்கத்துக் குழாயிலிருந்து நேராகப் பிடித்தது, இன்னொன்றில் போர். ஒவ்வொன்றிலும் குளியல் சோப்பை ஒரே அளவு சீவிப்போட்டு மூடிக் குலுக்கவேண்டும். பாத்திரம் தேய்க்கிற திரவமோ ஷாம்புவோ இதற்கு ஆகாது. அவை எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும்படி செய்யப்பட்டவை. கிணற்றுத் தண்ணீரும் முக்கடல் தண்ணீரும் பாட்டில் கழுத்துவரை நுரைத்தன. போர் தண்ணீரில் நுரையே இல்லை. பால் திரிந்த மாதிரி வெள்ளைத் துகள் மிதந்தது. சோப்பு அழுக்கோடு சேர்வதற்கு முன்பே கால்சியத்தோடு சேர்ந்து வீணாய்ப்போன துகள் அது. தலையில் பிசுபிசுப்பாகத் தங்குவதும் துணியில் விறைப்பாக நிற்பதும் இதுவே. இப்படிச் சோப்புக் கரைசலைக் கொண்டு தண்ணீரின் கடினத்தை, அதாவது அதில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியத்தின் அளவை, அளக்கும் முறையை ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிளார்க் 19-ம் நூற்றாண்டிலேயே வகுத்துவிட்டார். நம் பாட்டிமார் தலைக்குச் செம்பருத்தித் தாளியும் சீயக்காயும் போட்டதற்கும் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. சீயக்காயின் நுரை சபோனின் என்ற வேறு வகை, கால்சியத்தைக் கண்டு திரியாது.

எண்ணாகத் தெரிய வேண்டுமென்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் பணம் கட்டிக் கொடுத்தால் பார்த்துத் தருவார்கள். இந்தியத் தர நிர்ணயத்தில் (ஐஎஸ் 10500) குடிநீரின் மொத்தக் கடினம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் போர் 600-க்கு உள்ளே, ஆனால் அதற்குப் பக்கத்தில். அந்தக் கணக்கில் குடிக்கலாம், கடலை வேகாது.

சில கிலோமீட்டருக்குள் இத்தனை வித்தியாசம் ஏன் என்றால், பாறையும் மழையும் காரணம். மேற்கே நல்ல மழை. காலங்காலமாக அந்த மழை மண்ணைக் கழுவிக் கழுவி, கரைகிற சுண்ணாம்பையெல்லாம் கடலுக்குக் கொண்டுபோய்விட்டது. எஞ்சியது இரும்பும் அலுமினியமும் நிறைந்த வெட்டுக்கல். அதில் ஊறுகிற தண்ணீர் மென்மையாக இருக்கும், கொஞ்சம் அமிலத்தன்மையும் இருக்கும். அம்மா வீட்டு வேட்டிகளில் துருக்கறை விழுவதும் இரும்புப் பைப்பை அரித்துவிடுவதும் அந்த மென்மைக்கு அவர்கள் கொடுக்கிற விலை. பெருமையடிக்கும்போது அம்மா இதைச் சொல்வதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கிக் கிழக்கே நகர நகர மழை குறைகிறது, காற்றும் வெயிலும் கூடுகிறது. அடியில் சார்னோக்கைட், நைஸ் போன்ற கடும்பாறை. போர் போட்டால் தண்ணீர் கிடைப்பது அந்தப் பாறையின் விரிசல்களிலிருந்துதான். மண்ணின் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு இறங்குகிற மழைத்தண்ணீர், விரிசலில் வருஷக்கணக்காகத் தேங்கி, பாறையிலுள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்கிறது. ஆழம் போகப்போகத் தண்ணீருக்கு வயது கூடும், வயது கூடக்கூடப் பெரும்பாலும் கடினமும் கூடும். கடலோரத்தில் உப்பும் சேர்ந்துகொள்ளும். முக்கடல் அணைத் தண்ணீருக்கு இந்த வரலாறே கிடையாது. மலையில் பெய்து, ஓடையில் ஓடி, அணையில் நின்று, குழாயில் வருகிறது. பாறையோடு பழக நேரமே கிடைக்காத தண்ணீர்.

பிறகு ஏன் போர் போட்டோம்? முக்கடல் அணையின் முழு நீர்மட்டமே 25 அடி. கோடை முற்றினால் "முக்கடல் நீர்மட்டம் மைனஸ்" என்று பேப்பரில் செய்தி வரும். தண்ணீர் அளவுகோலின் பூஜ்ஜியத்துக்கும் கீழே போய்விட்டது என்று அர்த்தம். வெளியூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம், அணை எப்படி மைனஸுக்குப் போகும் என்று கேட்பார்கள். நகரம் விரிந்தது, 2019-ல் மாநகராட்சியும் ஆனது, வயல்கள் வீட்டுமனையாயின. தினமும் வராத சப்ளையை நம்பி யாரும் வீடு கட்ட மாட்டார்கள். ஆளுக்கொரு போர் இறக்கினோம். தண்ணீர் இல்லை என்ற குறை தீர்ந்தது. தீர்ந்த கையோடு இரண்டு தண்ணீரையும் ஒரே குழியில் கொட்டி, நல்லதையும் கெடுத்துக்கொண்டோம். வீடு கட்டும்போது ஒரு பைப் மிச்சம் பிடித்ததன் பலன் இது.

மெஷின் விற்க வந்தவர்

ஹீட்டர் விஷயம் வெளியே தெரிந்ததும் வீட்டுக்கு மெஷின் விற்பவர்கள் வர ஆரம்பித்தார்கள். அவர்கள் சட்டைப்பையில் பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் இருக்கும். டம்ளரில் முக்கி, எண்ணைக் காட்டி, நம் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த மீட்டர் கடினத்தை அளப்பதில்லை. தண்ணீரில் கரைந்திருக்கிற எல்லா உப்புமாகச் சேர்ந்து மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்பதை வைத்து ஒரு எண்ணைச் சொல்கிறது, அவ்வளவுதான். சாப்பாட்டு உப்பைக் கரைத்தாலும் எண் ஏறும், ஆனால் காயிலில் ஓடு கட்டாது. வேடிக்கை என்னவென்றால், சாஃப்ட்னர் என்று விற்கிற இயந்திரம் இந்த எண்ணைக் குறைப்பதே இல்லை. அதிலுள்ள ரெசின் மணிகள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தை விடுகின்றன. சோப்பு நுரைக்கும், ஹீட்டர் பிழைக்கும், மீட்டர் அப்படியே நிற்கும். அவ்வப்போது கல்லுப்பு கரைத்து ஓட்டி மணிகளைக் கழுவ வேண்டும், அந்த உப்புத்தண்ணீர் போய்ச்சேருகிற இடத்தில் தென்னையோ வாழையோ இருந்தால் அதற்குக் கேடு. ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் இருப்பது நல்லது. ஆர்ஓ எல்லாவற்றையும் வடிகட்டும், ஆனால் பெரும்பாலான வீட்டு மெஷின்கள் குடிக்கக் கொடுப்பதைவிடச் சாக்கடைக்கு அனுப்புவது அதிகம். கடினமான தண்ணீரைக் கொடுத்தால் அதன் சவ்விலும் இதே ஓடு கட்டும்.

வந்தவர்களில் ஒருவர் சிறுநீரகக் கல் படம் ஒன்றைப் போனில் காட்டினார். இந்தப் பயம் நம் ஊரில் பலமாக வேர்விட்டது, போர் தண்ணி குடித்தால் கல் வரும் என்று. குழாயில் கல் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அது உடம்பிலும் கட்டும் என்று தோன்றுவது இயல்பே. கல் உண்டாவதற்கு உடம்பின் தன்மை, சாப்பாடு, எல்லாவற்றுக்கும் மேல் போதுமான தண்ணீர் குடிக்காதது எனக் காரணங்கள் பல. கடின நீரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் அளவுக்குச் சான்று இல்லை. உலக சுகாதார நிறுவனமும் உடல்நலத்தை வைத்துக் கடினத்துக்கு ஒரு வரம்பு வகுக்கவில்லை. போரில் பயப்பட வேண்டிய விஷயங்கள் வேறு உண்டு, செப்டிக் டாங்க் பக்கத்தில் போர் இறக்குவது முதலாவது. வீட்டுக்குள் உண்மையான ஆபத்து, கறையைப் போக்க நாம் ஊற்றுகிற ஆசிட்டில் இருக்கிறது. டைல்ஸ் இடுக்குச் சிமெண்டையும் குழாயின் பளபளப்பையும் அது தின்றுவிடும். அதோடு பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், கதவைச் சாத்திக்கொண்டு கழுவுகிறவர்களுக்கு மூச்சே போய்விடும். வினிகரோ எலுமிச்சை உப்போ வெந்நீரில் கரைத்து, துணியில் நனைத்துக் குழாயில் சுற்றி ராத்திரி விட்டுவிட்டால் காலையில் பொருக்கு தானாகக் கழன்று வரும். மெதுவான வேலை, யாருக்கும் மூச்சு முட்டாது.

நாங்கள் மெஷின் எதுவும் வாங்கவில்லை. மாடியில் 500 லிட்டரில் ஒரு சின்னத் தொட்டி வைத்து, கார்ப்பரேஷன் தண்ணீர் மட்டும் அதில் ஏறும்படி தனி லைன் இழுத்தோம். அங்கிருந்து இறங்குவது சமையலறைக்கும் ஹீட்டருக்கும் வாஷிங் மெஷினுக்கும். போர் தண்ணீர் கக்கூஸுக்கும் தரை கழுவவும் செடிக்கும். பழைய சுவரில் காடி வெட்டி இரண்டாவது லைன் கொண்டுபோவது தலைவலி பிடித்த வேலை, கொஞ்ச தூரம் வெளிச்சுவரிலேயே பைப் அசிங்கமாகத் தொங்குகிறது. மழைத்தண்ணீரையும் சேர்க்கலாம் என்று பார்த்தபோது, 2003-ல் அரசு கட்டாயமாக்கிய மழைநீர்க் குழாய் எங்கள் மாடியிலும் இருப்பது ஞாபகம் வந்தது. அது எங்கே போகிறதென்று பின்தொடர்ந்தால் நேராகச் சாக்கடையில் விழுந்துகொண்டிருந்தது. இப்போது முதல் மழையைக் கழியவிட்டு, அடுத்ததைத் துணி கட்டி டிரம்மில் பிடிக்கிறோம். அதில் துவைத்த வெள்ளைச்சட்டையைப் பார்த்து வீட்டுக்காரர் புதுசா என்று கேட்டார்.

எல்லாக் காலத்துக்கும் இது தாங்காது. பங்குனி, சித்திரையில் சப்ளை தள்ளிப்போகும்போது சின்னத் தொட்டி காலியாகிவிடும், வால்வைத் திருப்பிப் போர் தண்ணீரையே எல்லாவற்றுக்கும் விட வேண்டிவரும். புத்தன் அணையிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவருகிற திட்டத்தைப் பற்றி ரொம்பக் காலமாகப் பேச்சு உண்டு. அது தினமும் தாராளமாக வந்தாலும் ஒரே சம்பில் போரோடு கலந்தால் ஹீட்டருக்கு அதே கதிதான்.

பார்வதிபுரம் பக்கம் என் சித்தப்பா மகன் வீடு கட்டுகிறான். சம்ப் குழி தோண்டும்போதே போய், குறுக்கே ஒரு சுவர் வைத்து இரண்டு அறையாக்கிவிடு, மேலே இரண்டு தொட்டி, சுவர் பூசுவதற்கு முன்னால் இரண்டு லைன் என்று சொன்னேன். இப்போது செய்தால் கொஞ்சம் பைப்பும் ஒரு நாள் கூலியும்தான் கூடும். கொத்தனார் தலையைச் சொறிந்தார், "ரெண்டு லைன் எதுக்குக்கா, எங்கேயும் போடுறதில்லையே" என்றார். பட்ஜெட் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றான் தம்பி. போன வாரம் போன் பண்ணினான். லைன் இன்னும் முடிவாகவில்லையாம், ஆனால் குளியலறை டைல்ஸ் வாங்கிவிட்டார்களாம். நல்ல கறுப்பு நிறம், பளபளவென்று இருக்கிறது, அக்கா வந்து பார்க்கணும் என்றான்.